தமிழில் எழுதிவிட்டால் நம்முடையது ஆகிவிடுமா? பாடநூலும் பதிப்புரிமையும்

பாசிப்பச்சை:

எல்லோருக்கும் வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பதினொரு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். தமிழ் வழி மாணவர்களுக்குத் துணைப்பாடத் தாவரவியல் புத்தகம் எழுதித் தரும்படி ஒரு பதிப்பகம் கேட்டது. எட்டு மாதம் உட்கார்ந்து முடித்துவிட்டேன். 240 பக்கம், 61 படம். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை நிதானமாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். இலைத்துளை பற்றிய பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

நீளமான பலூனின் ஒரு பக்கத்தில் டேப் ஒட்டி ஊதினால் அது வளையும், இலைத்துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்புச் செல்களும் அப்படித்தான் வளைந்து துளையைத் திறக்கின்றன என்று ஒரு பத்தி. நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது நூலகத்தில் எடுத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் பத்தி அது. என் பழைய நோட்டில் வரிக்கு வரி இருக்கிறது. அதைத் தமிழாக்கியது மட்டும்தான் நான் செய்தது. திருட வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பதினொரு வருடம் அதை வகுப்பில் சொல்லிச் சொல்லி என்னுடையதாகவே நினைத்துவிட்டேன்.

நோட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்ததில் இப்படிப் பதினான்கு இடங்கள் தேறின. படங்களில் 22, இணையத்திலிருந்தும் வேறு புத்தகங்களிலிருந்தும் எடுத்தவை. பதிப்பாளரிடம் சொன்னேன். "ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள், அதில் என்ன மேடம்? கடைசிப் பக்கத்தில் நன்றி போட்டுவிடலாம்" என்கிறார். இது சரியா? மனது ஒப்பவில்லை.

சாக்பீஸ்:

மேடம், இவ்வளவு யோசித்தால் தமிழில் அறிவியல் புத்தகமே வராது. முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன், நான்கு புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒளிச்சேர்க்கையை நாம் கண்டுபிடிக்கவில்லை, எங்கிருந்தோ எடுத்துத்தான் எழுத வேண்டும். டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கில், கல்விக்காக எடுத்தால் தப்பில்லை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாது என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். தைரியமாக அச்சுக்கு அனுப்புங்கள்.

சைதை வக்கீல்:

சாக்பீஸ் சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மேடத்துக்கு நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் அந்தப் பத்து சதவீதம் உதவாது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அமெரிக்காவில் 1976-இல் வகுப்பறைப் பயன்பாட்டுக்கென்று சில வழிகாட்டு அளவுகள் பேசி வைத்தார்கள். அங்கிருந்து ஊர் ஊராகப் பரவிய எண் அது, அங்கேயே அது சட்டம் இல்லை.

முதலில் மொழிபெயர்ப்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். மறுபடி அச்சிடும் உரிமை போலவே மொழிபெயர்க்கும் உரிமையும் மூல நூலின் உரிமையாளருடையது. தமிழாக்கத்தில் போட்ட உழைப்பு உங்களுடையதுதான், ஆனால் அதை வெளியிட அவருடைய அனுமதி வேண்டும். கடைசிப் பக்கத்தில் நன்றி போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது.

அடுத்து டெல்லி வழக்கு. அந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன், அதனால்தான் அது தவறாகச் சொல்லப்படும்போது வருத்தமாக இருக்கிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையின் மீதும் போட்ட வழக்கு அது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த வாசிப்புப் பட்டியலின்படி, பல புத்தகங்களிலிருந்து பக்கங்களைப் படியெடுத்து ஒன்றாகக் கட்டி அந்தக் கடை மாணவர்களுக்குக் கொடுத்தது. 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தப் பக்கங்கள் பாடத்துக்குத் தேவைதானா என்பது போன்றவற்றை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. ஆனால் அடிப்படையில் ஆசிரியர் பக்கமே நின்றது. எத்தனை பக்கம் என்று எண்ணுவதைவிடப் பாடம் நடத்தத் தேவைப்பட்டதா என்பதே முக்கியம் என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதற்கெல்லாம் அடிப்படை 52-ஆம் பிரிவில் உள்ள ஒரு வரி: பாடம் நடத்தும் போக்கில் ஓர் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது மீறல் அல்ல. ஆசிரியர், மாணவர், பாடம் நடத்தும் போக்கு. இந்த மூன்றுக்குள் விலை போட்டுக் கடையில் விற்கும் புத்தகமும் அதன் பதிப்பாளரும் வரவில்லை. மேடம், அந்தப் பலூன் பத்தியை வகுப்பில் வாசியுங்கள், ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள், தேர்வில் கேள்வியாகக் கேளுங்கள். யாரும் தடுக்க முடியாது. அதே பத்தி உங்கள் பெயர் போட்ட புத்தகத்தில் ஏறும்போது கதை வேறு.

பயப்படவும் வேண்டாம். காப்புச் செல்லின் உட்சுவர் தடிப்பு, வெளிச்சுவர் மெல்லிசு என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பலூனில் டேப் ஒட்டும் யோசனைகூட யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதான். வரிகளும் அவற்றை அடுக்கிய முறையும்தான் அவருடையவை.

ரூம் நம்பர் 14:

நான் இரண்டாம் ஆண்டு மாணவன், தமிழ் வழி. உங்கள் அளவுக்குச் சட்டம் தெரியாது. எங்கள் நிலைமையை மட்டும் சொல்கிறேன். எங்கள் பாடத்தில் ஒரு தாளுக்குத் தமிழில் புத்தகமே இல்லை. சீனியர் ஒருவர் கையால் எழுதிய நோட்டின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. படங்கள் கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன, எது சைலம் எது ஃபுளோயம் என்று தெரியாது, சொன்ன இடத்தில் அம்புக்குறி போட்டுவிடுவோம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மேடம் புத்தகம் எழுதுகிறார், அது நின்றுபோனால் யாருக்கு லாபம்? அந்த வெளிநாட்டு ஆசிரியர் எங்களிடம் வந்து கேட்கப் போகிறாரா?

புள்ளிக்கோலம்:

தம்பி, கேட்பவர் எப்போதும் வெளிநாட்டில்தான் இருப்பார் என்று நினைக்காதே. நான் மதுரையில் இருக்கிறேன். பாடநூல்களுக்குப் படம் வரைவது என் தொழில், பத்தொன்பது வருடமாக.

ஒரு முறை பிளஸ் டூ கைடு ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து சந்தேகம் கேட்டாள். செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது என் படம். எப்படித் தெரியும் என்பாய். என் வீட்டு வாசல் செடியில் பறித்த பூ அது. காம்புக்குக் கீழே ஒரு இலை, அதன் வலது ஓரத்தில் பூச்சி அரைவட்டமாகக் கடித்திருந்தது. எதிரே இருந்ததை அப்படியே வரைந்தேன். அந்தக் கடி கைடில் அப்படியே இருக்கிறது. சூலகத்தின் நிழலைக் கோடு போடாமல் புள்ளி புள்ளியாக வைத்திருப்பேன். மெல்லிய நிப் பேனாவில் ஒவ்வொன்றாக, அந்த ஒரு படத்துக்கு இரண்டு ராத்திரி. புள்ளிகள் ஒட்டிப்போய் அழுக்குத் தீற்றலாகத் தெரிந்தன. மூலையில் என் கையெழுத்தை அழித்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. அம்புக்குறிகளை மாற்றிப் போட்டதில் சூலகமுடி என்பது மகரந்தப்பைக்கு நேராக வந்துவிட்டது.

அந்தப் பதிப்பகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பணத்தை விடு. அந்தப் பெண் தேர்வில் சூலகமுடியைத் தப்பாகக் குறித்துவிட்டு வந்தாள். என் படத்தைப் பார்த்துப் படித்து.

மெய்ப்பு:

நான் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் பதிப்பாசிரியர். இரண்டு பக்கமும் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

ஒரு சின்னத் திருத்தம். பலரும் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்றால் பேடன்ட், கண்டுபிடிப்புக்குத் தருவது. நூலுக்கும் படத்துக்கும் பதிப்புரிமை. இந்தக் குழப்பத்தால் தப்பான அலுவலகத்துக்கு மனுப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

படத்தின் விஷயத்தில் சட்டம் எழுத்தைவிடக் கண்டிப்பானது என்றுதான் நடைமுறையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பத்தியிலிருந்து இரண்டு வரி மேற்கோள் காட்டி அதைப் பற்றி விவாதிக்கலாம், விமர்சனத்துக்கான நியாயமான கையாள்கை என்று சட்டம் அதை அனுமதிக்கிறது. ஒரு படத்தைப் பாதியாக மேற்கோள் காட்ட முடியாது, எடுத்தால் முழுசாகத்தான் எடுப்போம். அதனால் மேடம், அந்த 22 படத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் எடுத்தவை இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, உரிமக் குறிப்பைப் படித்து வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழேயே போடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே முன்கூட்டித் தரும் பொது உரிமம்) என்று இருந்தாலே எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று சேர்த்திருந்தால் உங்கள் புத்தகத்தில் அதைப் போட முடியாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கும் எடுத்து அச்சிடுவதற்கும் சம்பந்தமில்லை. மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகங்களை யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் எடுத்து அச்சிட்டு விற்பது பதிப்புரிமை மீறல் என்று அந்த நிறுவனம் 2024-இல் பொது அறிவிப்பே கொடுத்தது.

அப்புறம், கேட்டுப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஒரு விலங்கியல் புத்தகத்துக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழக அச்சகம் ஒன்றுக்கு ஒரே ஒரு படத்துக்கு அனுமதி கேட்டு எழுதினேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் படம், நம் நூலின் பெயர், மொழி, எத்தனை பிரதி, என்ன விலை, அவ்வளவுதான் கடிதம். மூன்று வாரத்தில் பதில். 600 பிரதி, தமிழ் என்றதும் கட்டணமே வேண்டாம், நாங்கள் சொல்லும் வரியைப் படத்தின் கீழே போடுங்கள் என்றார்கள். எல்லோரும் இப்படிச் சொல்வார்கள் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் கேட்காமல் எப்படித் தெரியும்?

குறுந்தொகைக் காதலர்:

தாவரவியலுக்கு நடுவே தமிழ்த்துறையும் ஒரு கேள்வி கேட்கலாமா? முதலாண்டுப் பொதுத்தமிழுக்குச் செய்யுள் திரட்டு தொகுக்கிறேன். சங்கப் பாடலும் குறளும் யாருக்கும் பொது. பாரதிக்கும் கவலையில்லை, 1949-லேயே அரசு உரிமையை வாங்கி அப்புறம் மக்களுக்கே கொடுத்துவிட்டது. கல்கி மறைந்தது 1954, ஆசிரியர் மறைந்த பிறகு உரிமை நீடிக்கும் அறுபது வருடமும் ஓடிவிட்டது. ஆனால் கண்ணதாசன் மறைந்தது 1981. அந்தக் காலத்துக்குப் பிந்தைய கவிஞர்களும் ஆறேழு பேர் பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களை எடுப்பதற்கு என்ன வழி?

சைதை வக்கீல்:

ஐயா, உங்களுக்கென்றே சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதை நெருங்கிப் பார்க்காமல் பலர் தாண்டிப் போகிறார்கள். 52-ஆம் பிரிவிலேயே வேறோர் உட்பிரிவு. பாடத்துக்கான திரட்டு ஒன்றில், பதிப்புரிமை உள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் கட்டுகள் பல. திரட்டின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாததாக இருக்க வேண்டும். பாடத்துக்கானது என்பது தலைப்பிலும் விளம்பரத்திலும் தெரிய வேண்டும். எடுக்கும் நூல் இன்னொரு பாடநூலாக இருக்கக் கூடாது. ஒரே பதிப்பகம் ஒரே ஆசிரியரிடமிருந்து ஐந்து வருடத்தில் இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக் கூடாது.

ஆக, சங்கப் பாடலும் பக்தி இலக்கியமும் நிறைந்த உங்கள் திரட்டில் நவீன கவிஞர் ஒருவருக்கு ஒரு பகுதி வைத்தால் உள்ளே வரும். முழுக்க முழுக்கப் புதுக்கவிதைத் திரட்டு என்றால் இந்த வாசல் மூடியே இருக்கும், அனுமதிதான் வழி. ஒரு முழுக் கவிதையைச் சிறு பகுதி என்று சொல்லலாமா என்பதிலும் வாதம் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவிஞருக்கோ வாரிசுக்கோ ஒரு கடிதம் போட்டுவிடுவேன்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். குறள் பொது, பரிமேலழகர் உரையும் பொது. இன்றைக்கு இருக்கும் ஒருவர் எழுதிய தெளிவுரை பொது இல்லை. நூறு வருடத்துக்கு முன் மாக்மில்லனுக்கும் பம்பாயில் இருந்த கூப்பர் பதிப்பகத்துக்கும் நடந்த வழக்கு இதே மாதிரிதான். பழைய நூல் ஒன்றைச் சுருக்கிக் குறிப்புகளோடு போட்ட மாணவர் பதிப்பு. மூலத்திலிருந்து எடுத்த பகுதிக்கு மாக்மில்லன் உரிமை கொண்டாட முடியாது, ஆனால் அவர்கள் எழுதிய குறிப்புகள் அவர்களுடையவை என்று அன்றைக்கு நம் வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் பிரித்துச் சொன்னது. திரட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். செய்யுள் பொது என்ற தைரியத்தில் பக்கத்தில் இருக்கும் பொழிப்புரையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இருபடிச் சமன்பாடு:

கணக்குப் புத்தகத்துக்கு? பயிற்சிக் கணக்குகளை வேறு புத்தகத்தில் பார்த்துத்தான் எல்லோரும் போடுகிறோம்.

சைதை வக்கீல்:

ஆக்ஸ்போர்டு பதிப்பகம் ஒரு கைடு பதிப்பாளர் மேல் போட்டு, 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் முடிவு சொன்ன வழக்கு உங்கள் துறைதான். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கேள்விகளை எடுத்து, படிப்படியாக விடை எழுதி விற்றார்கள். கணக்குக் கேள்விகளில் பதிப்புரிமை பெறும் அளவுக்குப் படைப்புத்தன்மை இல்லை, விடைகளை விளக்கியது புதிய உழைப்பு என்று கைடு பக்கம் உத்தரவு வந்தது. நம் சென்னையிலும் 1964-இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம்.ஃபாஸ்டர் தன் நாவலுக்கு ஏ.என்.பரசுராம் எழுதிய மாணவர் கைடை எதிர்த்த வழக்கில் தோற்றார். விளக்குவதற்காக எழுதுவதை நம் நீதிமன்றங்கள் தாராளமாகவே பார்க்கின்றன. அதற்காகக் கேள்வித்தாளை அப்படியே வாரிப் போட்டுவிடாதீர்கள். 1916-லேயே லண்டனில் ஒரு வழக்கில் கேள்வித்தாளுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது.

சாக்பீஸ்:

வக்கீல் சாருக்கு நன்றி. முதலில் எழுதியதை அழிக்கவில்லை, படிப்பவர்களுக்கு என் தவறும் தெரியட்டும். புள்ளிக்கோலம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் நான்கு புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது புத்தகத்தில் உள்ள தவளைப் படம் யார் வரைந்தது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவேன். ஆனால் ரூம் நம்பர் 14 தம்பி கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல ஆங்கிலப் புத்தகத்தை முழுதாகத் தமிழில் கொண்டுவர வேண்டும், உரிமையாளர் பதிலே போடவில்லை என்றால்?

சைதை வக்கீல்:

நல்ல கேள்வி சார். அதற்கும் 32-ஆம் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு நூலுக்குக் கற்பித்தலுக்கான தமிழாக்கம் தேவை என்றால், நூல் வெளிவந்து குறிப்பிட்ட காலம் ஆன பிறகு, உரிமையாளர் சம்மதம் இல்லாமலே தரப்படும் கட்டாய உரிமம் கேட்கலாம். பொதுவாக மூன்று வருடம், வளர்ந்த நாடுகளில் பொது வழக்கில் இல்லாத மொழி என்றால் ஒரு வருடம். உரிமையாளரிடம் கேட்டு மறுக்கப்பட்டதையோ அவரைத் தேடிக் கிடைக்காததையோ காட்ட வேண்டும், அவருக்கு நியாயமான தொகையும் தர வேண்டும். முன்பு பதிப்புரிமை வாரியத்துக்குப் போன மனு, 2021-க்குப் பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. தனி ஆசிரியர் ஒருவர் இதற்கெல்லாம் அலைய முடியாது, பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலை. சட்டம் கதவைத் திறந்து வைத்தும் தமிழுக்காக அதைத் தட்ட ஆள் இல்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

மேடம், மறந்துவிடப் போகிறேன். பதிப்பகம் நீட்டும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அது தெரிந்தவர்கள் முழுக் காலத்துக்கும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். "மீறல் எதுவும் இருந்தால் ஆசிரியரே பொறுப்பு" என்ற வரியும் அநேகமாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் நன்றி போட்டுவிடலாம் என்று சொன்னவர் அந்த வரியை எடுக்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பாசிப்பச்சை:

கேட்டேன் ஐயா. எடுக்க மாட்டாராம். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினான்கு இடத்தில் பத்தைத் திருத்திவிட்டேன். முதலில் வார்த்தைகளை மட்டும் மாற்றிப் பார்த்தேன், சட்டையை மாற்றிய மாதிரி இருந்தது, ஆள் அதே ஆள். நோட்டை மூடி வைத்துவிட்டு எழுதினால் மறுபடியும் பலூன்தான் வருகிறது. அப்புறம் எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் என்ன பார்க்கிறார்களோ அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதா நிற அடித்தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஊதாக் கட்டங்களுக்கு நடுவே பச்சையாக இரண்டிரண்டு அவரை விதை எதிரெதிரே உட்கார்ந்தது போல் தெரியும். ஒரு சொட்டு உப்புக் கரைசலை ஓரத்தில் விட்டு மறு ஓரத்தில் வடிதாளை வைத்து இழுத்தால், கண்ணெதிரே இரண்டு விதையும் தளர்ந்து இடைவெளி ஒடுங்கும். போன வருடம் ஒரு பெண், "மேடம், வாயை மூடிக்கிச்சு" என்று கத்தினாள். நீர் போனால் ஏன் மூடுகிறது, நீர் வந்தால் ஏன் திறக்கிறது என்று அங்கிருந்து தொடங்கினேன். பழைய பத்தியைவிட ஒரு பக்கம் நீளம். ஆனால் ரூம் நம்பர் 14 படித்தால் ஆய்வகத்தில் போய்ப் பார்க்கத் தோன்றும் என்று நினைக்கிறேன்.

22 படத்தில் 9 காமன்ஸில் இருந்து வந்தவை, பெயரும் உரிமமும் போட்டுவிட்டேன். இரண்டுக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதினொன்று மிச்சம். புள்ளிக்கோலம் அம்மா, நீங்கள் வரைந்து தருவீர்களா? கூலியை நீங்களே சொல்லுங்கள். பதிப்பாளர் தராவிட்டால் என் கையிலிருந்து தருகிறேன். உங்கள் கையெழுத்து மூலையில் இருக்க வேண்டும், உள்ளட்டையிலும் பெயர் வர வேண்டும்.

புள்ளிக்கோலம்:

வரைகிறேன் கண்ணு. கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். பதினொன்றுக்கும் பட்டியல் அனுப்பு. ஆனால் இன்னொரு படத்தைக் காட்டி இதே மாதிரி என்று மட்டும் சொல்லாதே, எனக்குச் செடி வேண்டும். கூரியரில் வந்தால் வாடிவிடும், அதனால் போட்டோ எடு. காலையில் பறித்த பூவாக இருக்கட்டும். புது பிளேடால் காம்பிலிருந்து மேல் நோக்கி ஒரே இழுப்பில் நெடுக்காக வெட்டு, அழுத்தினால் சூல்கள் நசுங்கிவிடும். கறுப்புத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று எடு. இலையும் சேர்ந்து வரட்டும்.

ரூம் நம்பர் 14:

அம்மா, எங்கள் விடுதி வாசலில் செம்பருத்தி இருக்கிறது. என் போனில் கேமரா நன்றாக இருக்கும். நாளைக்குக் காலையில் எடுத்து அனுப்பட்டுமா?